வாசகர் கேள்வி – பதில்: ஜோடி என்றால் யார், யார்?

கேள்வி: சென்னையில் நான் சல்சா ஜோடி நடனம் கற்கும் வகுப்பில் பெண்கள் இருபது பேர் என்றால் ஆண்கள் ஆறேழு பேர்தான். ஆள் பற்றாக்குறையால் மூன்று ஆண்டுகளாக ஆணுக்குரிய பகுதியையே ஆடிப் பழகிவிட்டேன். தோழியுடன் போட்டிக்குப் போக விரும்பினால், ‘வகுப்பில் பரவாயில்லை, போட்டியில் ஜோடி என்றால் ஆணும் பெண்ணும்தான்’ என்கிறார்கள். எல்லா நாட்டிலும் இப்படித்தானா? — வாசகி, சென்னை

பதில்: இல்லை. ஆனால் இப்படி உறுதியாக ‘இல்லை’ என்று சொல்ல முடிவதே அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவில் மேற்கத்திய ஜோடி நடனமான பால்ரூம் போட்டிகளுக்கு விதி வகுக்கும் தேசிய நடன கவுன்சில், ஜோடி என்பதை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்றே நெடுங்காலம் வரையறுத்திருந்தது. 2019-இல் அதைத் திருத்தி, நடனத்தை வழிநடத்தும் ஒருவரும் அவரைத் தொடர்ந்து ஆடும் ஒருவரும் சேர்ந்ததே ஜோடி, அவர்களுடைய பாலினம் எதுவாகவும் இருக்கலாம் என்று எழுதியது. இதனால் இரு பெண்களோ இரு ஆண்களோ தனிப் பிரிவில் ஒதுக்கப்படாமல், மற்ற ஜோடிகளோடு ஒரே தளத்தில், அதே நடுவர்களின் முன்னால் ஆட வழி பிறந்தது. அதற்கு முன்பெல்லாம் இத்தகைய ஜோடிகள் தங்களுக்கென்று போட்டிகளை நடத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1998-இல் ஆம்ஸ்டர்டாமில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் நடத்திய ‘கே கேம்ஸ்’ விளையாட்டு விழாவில் பால்ரூம் நடனமும் இடம்பெற்றது அப்படித்தான்.

எதிர்த் திசையிலும் முயற்சி நடந்ததுண்டு. பிரிட்டனின் நடன கவுன்சிலில், வேறு விதமாகக் குறிப்பிடப்படாத போட்டிகளில் ஜோடி என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணுமே என்று விதியில் சேர்க்கும் யோசனை 2014-இல் எழுந்து, பத்திரிகைகள் வரை போய்ப் பெரும் சர்ச்சையானது. எல்லாரும் இயல்பென்று நம்பிவந்த ஒன்றை விதியாக எழுதியே காப்பாற்ற வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள் என்பதே, தளத்தில் வேறு ஜோடிகளும் வந்து நின்றுவிட்டார்கள் என்பதற்குச் சான்று என நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் போட்டியைப் பொறுத்தவரை, கட்டணம் செலுத்துவதற்கு முன்பு விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘ஜோடி’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாமல், உடை பற்றிய விதிகளையும் படியுங்கள். முன்வாசலில் அனுமதித்துவிட்டு, வழிநடத்துபவர் கோட்டும் மற்றவர் கவுனும் அணிய வேண்டும் என்று பின்வாசலில் தடுப்பதும் உண்டு.

கேள்வி: ஆண் வழிநடத்த, பெண் அவனைத் தொடர்வதுதானே இந்த நடனங்களின் இலக்கணம்? சமத்துவம் என்ற பெயரில் அதை மாற்றினால் நடனத்தின் அழகு கெட்டுவிடாதா? — வாசகர், மதுரை

பதில்: இலக்கணம் என்று நீங்கள் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒருவர் வழிநடத்த வேண்டும், மற்றவர் தொடர வேண்டும் என்பது நடனத்தின் தேவை. முன்கூட்டி ஒத்திகை பார்க்காத இருவர், கேட்டிராத இசைக்கு, நெரிசலான தளத்தில் ஆடுவதுதான் இந்த நடனங்களின் பிறப்பிடம்; அடுத்த அடி எங்கே என்பதை ஒருவர் தீர்மானிக்காவிட்டால் இருவரும் இடித்துக்கொள்வார்கள். அந்தத் தீர்மானம் கையைப் பிடித்து இழுப்பதால் போய்ச் சேர்வதில்லை. வழிநடத்துபவர் தம் உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும்போது, அணைத்திருக்கும் கைகளின் சட்டகம் வழியாகத் தொடர்பவர் அதை உணர்ந்து, கண நேரத்தில் புரிந்துகொண்டு, தம் அடியை முடிக்கிறார். இந்த வேலையில் ஆண்மையோ பெண்மையோ எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. வழிநடத்துபவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பது, இந்த நடனங்கள் வளர்ந்த சமூகங்களின் வழக்கம்.

அந்த வழக்கமும் நாம் நினைக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்ததில்லை. டாங்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆண் மிடுக்கின் அடையாளம் என்று அதைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரத்தில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், நடன விருந்துக்குப் போய் ஒரு பெண்ணை ஆட அழைக்கும் தகுதி வருவதற்கு முன்பு, இளைஞர்கள் ‘பிராக்டிகா’ என்ற பயிற்சிக் கூடங்களில் ஆண்களோடுதான் ஆடிப் பழகினார்கள். புதிதாகச் சேர்ந்தவன் முதலில் கற்றது பெண்ணின் பகுதியை; அதில் தேறிய பிறகே வழிநடத்த விட்டார்கள். புகழ்பெற்ற பழைய ஆட்டக்காரர்கள் பலரும் தொடர்பவராக ஆடித் தேர்ந்தவர்கள் என்பதை, ‘இலக்கணம்’ பேசுவோர் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

அதே நகரத்தில் 2003 முதல் டாங்கோ உலகப் போட்டி நடந்துவருகிறது. 2013-இல் அங்கே ஒரே பாலின ஜோடிகளும் போட்டியிட்டன. அர்ஜென்டினா ஒரே பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கி அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனால் டாங்கோ வேறொன்றாகிவிடவில்லை.

உங்கள் கவலையில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ரும்பா போன்ற ஆட்டங்களைப் பலர் ஓர் ஆணும் பெண்ணும் பேசும் காதல் கதையாகவே ஆடுகிறார்கள். அதை ரசிப்பவர்கள் ரசிக்கட்டும், ஆடுபவர்கள் ஆடட்டும். அந்தக் கதையைச் சொல்லாத ஜோடியைத் தளத்துக்கு வெளியே நிறுத்துவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. ஒரே பாலின ஜோடிகள் சிலர் ஆட்டத்தின் நடுவிலேயே பங்கை மாற்றிக்கொள்கிறார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்தவர் அடுத்த திருப்பத்தில் பின்னால் நகர்வதைப் பார்ப்பது, பழைய ஆட்டத்தில் கிடைக்காத ஓர் அழகு.

கேள்வி: இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடினால் உடல் வலிமை கூடுதலாக இருக்குமே, மற்ற ஜோடிகளுக்கு அது அநியாயம் ஆகாதா? — வாசகர், திருநெல்வேலி

பதில்: தாளம், சமநிலை, உடலை நிறுத்தும் விதம், இருவருக்கும் இடையிலான ஒத்திசைவு ஆகியவற்றைப் பார்த்தே நடுவர்கள் மதிப்பிடுகிறார்கள், பளு தூக்கச் சொல்வதில்லை. நெடிய கால்கள் வேகமாக நகரும் குவிக்ஸ்டெப் ஆட்டத்தில் அதிகத் தூரம் கடக்கும் என்பது உண்மைதான். ஆனால் உயரமான ஆணும் உயரமான பெண்ணும் இன்றும் அந்தச் சலுகையோடுதான் ஆடுகிறார்கள். உயரத்தை வைத்து யாரும் பிரிவு பிரிப்பதில்லை. தவிர, நெருங்கி அணைத்தபடி ஆடும்போது நான்கு நீண்ட கால்களுக்கு முழங்கால் இடிக்காமல் இடம் தேடுவது எவ்வளவு பாடு என்பதை ஆடியவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: தொலைக்காட்சி நடனப் போட்டிகளில்கூட இப்போது இரு ஆண்கள், இரு பெண்கள் ஆடுகிறார்கள். விதியும் மாறிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தொலைக்காட்சி பார்வையாளர்களின் கண்ணைப் பழக்கியது என்பதில் ஐயமில்லை. இஸ்ரேலில் 2010-இல் இரு பெண்கள் ஆடினார்கள். டென்மார்க்கில் 2019-இல் இரு ஆண்கள் ஆடி வென்றார்கள். பிரிட்டனில் 2020-இல் ஒலிம்பிக் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற நிக்கோலா ஆடம்ஸ், கத்யா ஜோன்ஸ் என்ற நடனக் கலைஞருடன் ஆடினார். ஆனால் ஒரு பருவத்துக்கு ஒரு ஜோடி என்பது தொலைக்காட்சிக்குப் போதும், நடனத்துக்குப் போதாது.

நான் கவனித்துவருவது வேறொரு சிறிய விஷயம். பால்ரூம் போட்டியில் ஜோடிக்கு ஓர் எண் உண்டு. அந்தக் காகிதம் ஆணின் முதுகில்தான் குத்தப்படும். நடுவர் குறித்துக்கொள்வதும் அறிவிப்பாளர் வாசிப்பதும் அந்த எண்ணைத்தான். தளத்தில் பாதித் தூரத்தைப் பின்னோக்கி நடந்தே கடக்கும் பெண்ணுக்குத் தனி எண் கிடையாது. இங்கே இரண்டு பெண்கள் ஆட வந்தால், முதுகு திறந்த கவுனில் காகிதத்தை எங்கே குத்துவது என்பதே ஒரு கேள்வியாகிவிடுகிறது.

அமெரிக்காவில் வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் என்ற ஜோடி நடனத்தின் ஆட்டக்காரர்களிடம் ‘ஜாக் அண்ட் ஜில்’ என்று ஒரு போட்டி முறை உண்டு. ஜோடியாக வருவதில்லை, ஒவ்வொருவரும் தனித்தனியே, வழிநடத்துபவராகவோ தொடர்பவராகவோ பதிவு செய்துகொள்கிறார்கள். யாரோடு ஆட வேண்டும் என்பது குலுக்கலில் விழும். தொடக்கச் சுற்றுகளில் வழிநடத்துவோரைத் தனியாகவும் தொடர்வோரைத் தனியாகவும் மதிப்பிட்டு, இறுதிச் சுற்றில்தான் ஜோடியாக மதிப்பிடுகிறார்கள். தொடர்பவராக ஆடுவதும் தனியே மதிப்பெண் பெறும் திறமைதான் என்று ஒப்புக்கொண்ட முறை இது. பையன் பெயரும் பெண் பெயரும் சேர்ந்த அந்தத் தலைப்பே பொருத்தமில்லை என்று, லிண்டி ஹாப் என்ற இன்னொரு ஸ்விங் நடனத்தின் விழாக்கள் சில அதை ‘மிக்ஸ் அண்ட் மேட்ச்’ என்று மாற்றிக்கொண்டன. அங்கே எண் ஆளுக்கொன்று.