நிக்சனும் 18,235 டாலரும்: 1952 தேர்தல் பற்றிச் சில கேள்விகள்

1952 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஐசனோவருக்குத் துணை அதிபர் வேட்பாளராக நின்ற ரிச்சர்ட் நிக்சன், பிரசாரத்தின் நடுவே ஒரு பண விவகாரத்தில் சிக்கினார். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: புகார் என்ன? லஞ்சமா?

லஞ்சம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. கலிபோர்னியாவில் வசதியான சுமார் 76 பேர், செனட்டர் நிக்சனின் பயணம், தபால், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை போன்ற அரசியல் செலவுகளுக்குப் பணம் போட்டு வந்தார்கள். மொத்தம் 18,235 டாலர். செப்டம்பர் 18 அன்று நியூயார்க் போஸ்ட் நாளிதழ் இதைப் பணக்காரர்களின் ரகசிய நிதி என்று பெரிதாக வெளியிட்டது. அப்போதைய ஜனநாயகக் கட்சி அதிபர் ட்ரூமன் ஆட்சியின் ஊழலைச் சொல்லித்தான் குடியரசுக் கட்சி ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அடி அவ்வளவு பலமாக விழுந்ததற்கு அதுதான் காரணம்.

கேள்வி: ஐசனோவர் அவரை உடனே நீக்கியிருக்கலாமே?

நீக்கினால், தான் ஏற்றுக்கொண்ட ஆளே சரியில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வைத்துக்கொண்டால் ஊழல் பேச்சு எடுபடாது. தேர்தலுக்கோ ஏழு வாரம்கூட இல்லை. நிக்சன் தானாக விலகிவிட்டால் நல்லது என்று ஐசனோவரைச் சுற்றியிருந்தவர்களில் பலர் நினைத்தார்கள். அவரோ, நிக்சன் வேட்டை நாயின் பல்லைப் போலச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டு முடிவெடுக்காமல் இருந்தார். அதே சமயம் கலிபோர்னியாவின் இன்னொரு செனட்டர் வில்லியம் நோலண்டை ஹவாயிலிருந்து வரவழைத்துத் தன் பிரசார ரயிலில் ஏற்றிக்கொண்டார். மாற்று ஆள் தயார் என்பது நிக்சனுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

கேள்வி: நிக்சனுக்கு அப்போது 39 வயதுதான். விலகிவிட்டுப் பிறகு திரும்பி வந்திருக்கலாம் இல்லையா?

வந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். பணப் புகாரில் பாதியில் இறக்கிவிடப்பட்டவர் என்ற பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். செப்டம்பர் 21 இரவு ஐசனோவர் தொலைபேசியில் பிடிகொடுக்காமல் பேசியபோது, இழுத்தடிக்காமல் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்ற பொருளில் ஒரு கொச்சையான சொலவடையையே சொல்லிவிட்டார் நிக்சன். இரண்டாம் உலகப் போரை ஐரோப்பாவில் வென்ற தளபதியான ஐசனோவரிடம் அப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கேள்வி: புகாருக்குப் பதில் சொல்ல நிக்சன் டிவியில் அரை மணி நேரம் பேசினாரே, அதற்குப் பணம் யார் கொடுத்தார்கள்?

கட்சிதான். 75,000 டாலர்.

கேள்வி: ஒரு நாய்க்குட்டியைச் சொல்லித்தான் தப்பித்தார் என்கிறார்களே?

செப்டம்பர் 23 அன்று ஹாலிவுட்டின் எல் கேபிடன் அரங்கிலிருந்து பேசினார். சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள். டெக்சாஸ்காரர் ஒருவர் அனுப்பிய செக்கர்ஸ் என்ற நாய்க்குட்டியைப் பிள்ளைகள் நேசிக்கிறார்கள், யார் என்ன சொன்னாலும் திருப்பித் தர மாட்டோம் என்றது எல்லோர் மனதிலும் தங்கிவிட்டது. ஆனால் அவரைக் காப்பாற்றியது கடைசிச் சில நிமிடங்கள்.

பேச்சுக்குச் சற்று முன்புதான், நியூயார்க் ஆளுநர் டூயி தொலைபேசியில் அழைத்து, முடிவில் விலகல் கடிதம் தருவதாக அறிவித்துவிடுங்கள் என்று ஐசனோவர் ஆட்களின் விருப்பத்தைச் சொல்லியிருந்தார். நிக்சன் அப்படிச் செய்யவில்லை. நான் இருக்கலாமா, போகலாமா என்று கட்சியின் தேசியக் குழுவுக்கு எழுதுங்கள் என்று மக்களைக் கேட்டார். அதுவரை ஐசனோவர் கையில் இருந்த முடிவு அந்த ஒரு வாக்கியத்தில் கைமாறிவிட்டது. அது மட்டுமா, வேட்பாளர்கள் எல்லோரும் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். ஐசனோவருக்கோ தன் புத்தக வருமானத்துக்கு ஒரு சிறப்பு வரிச் சலுகை கிடைத்திருந்தது. கிளீவ்லாந்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த பென்சிலைக் காகிதத்தில் ஓங்கிக் குத்தினார் என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்புறம்?

தந்திகளும் கடிதங்களும் லட்சக்கணக்கில் குவிந்தன. ஆனாலும் ஐசனோவர் உடனே சரி என்று சொல்லாமல், நேரில் வந்து பார்க்கச் சொன்னார். வெறுத்துப்போன நிக்சன் விலகல் தந்தியையே சொல்லி எழுதவைத்தார். பிரசார மேலாளர் முரே சோட்டினர் அதைக் கிழித்துப் போட்டார். மறுநாள் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில், நிக்சன் வந்த விமானத்துக்குள்ளேயே வந்து, 'நீ என் பையன்' என்றார் ஐசனோவர். நிக்சன் அழுதது யார் தோளில் தெரியுமா? அவருடைய இடத்துக்குத் தயாராக வைக்கப்பட்டிருந்த அதே நோலண்டின் தோளில்!

கேள்வி: பதவிக்காக இப்படிப் போராடியது உங்களுக்குத் தவறாகத் தெரியவில்லையா?

பதவி ஆசை தவறில்லை. அநியாயமாகப் பலியிடப்படுகிறோம் என்று நினைப்பவர் போராடத்தான் செய்வார். என்னை உறுத்துவது வேறு. பதவியில் இருக்கும் ஒரு செனட்டரின் செலவைப் பணக்காரர்கள் ஏற்கலாமா என்ற நியாயமான கேள்வி, அன்றைய கண்ணீரில் அப்படியே கரைந்துபோனது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஸ்டீவன்சனிடமும் ஒரு நிதி இருந்தது தெரியவந்ததால், அவர்களாலும் அதை அழுத்திக் கேட்க முடியவில்லை.

கேள்வி: ஐசனோவர் இதை மறந்தாரா?

1956இல் மறுபடி போட்டியிட்டபோது, துணை அதிபர் பதவியை விட்டு அமைச்சர் பதவி ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று நிக்சனிடம் சொல்லிப் பார்த்தார். நிக்சன் அசையவில்லை. இந்த முறையும் ஐசனோவர் தானாக அவரை நீக்கவில்லை.