ஒரே தரவு, இரண்டு வறுமை விகிதங்கள்: எங்கே இடிக்கிறது?

கேள்வி: பொருளியல் முதுகலை மாணவி நான். ஆய்வேட்டுக்காகக் குடும்ப மாதிரி ஆய்வு ஒன்றின் தரவைத் தரவிறக்கி வறுமை விகிதம், ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு, வேலையின்மை விகிதம் மூன்றையும் கணக்கிட்டேன். அதே தரவை வைத்து வெளியான அதிகாரபூர்வ அறிக்கையோடு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எனக்கு வறுமை குறைவாகவும் வேலையின்மை அதிகமாகவும் வருகிறது. எங்கே தேடுவது?

பதில்: வறுமை குறைவாக வருகிறது என்றதுமே எனக்கு எழும் சந்தேகம், நீங்கள் ஆட்களுக்குப் பதில் குடும்பங்களை எண்ணிவிட்டீர்கள் என்பதுதான். இரண்டே குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் உள்ள குடும்பம் வறுமைக் கோட்டுக்கு மேலே, ஆறு பேர் உள்ள குடும்பம் கீழே. குடும்பங்களை எண்ணினால் வறுமை 50 சதவீதம். ஆட்களை எண்ணினால் 75. ஏழைக் குடும்பங்கள் பெரும்பாலும் பெரியவை என்பதால் இந்தத் தவறு வறுமையைக் குறைத்தே காட்டும். குடும்பத்தின் எடையை, அதாவது அது நாட்டில் எத்தனை குடும்பங்களுக்காக நிற்கிறது என்ற எண்ணை, உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

அந்த எடையைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்பது அடுத்த கேள்வி. மாதிரியில் எல்லாக் குடும்பங்களுக்கும் இடம்பெறும் வாய்ப்பு ஒன்றாக இருப்பதில்லை. சிறிய பகுதிகளுக்கும் நம்பகமான மதிப்பீடு வேண்டும் என்று அங்கே வேண்டுமென்றே கூடுதல் குடும்பங்களை எடுப்பார்கள். அதனால் கோப்பில் ஒரு வரி 200 குடும்பங்களுக்காகப் பேசும், இன்னொரு வரி 2,000 குடும்பங்களுக்காகப் பேசும். எடை போடாமல் எடுத்த சராசரி அந்த மாதிரிக்குத்தான் பொருந்தும், நாட்டுக்குப் பொருந்தாது.

இவை சரியாக இருந்தும் எண் இடித்தால், செலவுத் தொகை எப்படிக் கூட்டப்பட்டது என்று பாருங்கள். சொந்த நிலத்தில் விளைந்து வீட்டிலேயே உண்டதற்கு மதிப்புப் போட்டார்களா? சொந்த வீட்டில் குடியிருப்பதற்கு வாடகை கணித்தார்களா? பகுதிக்குப் பகுதி வேறுபடும் விலைகளைச் சமன்படுத்தினார்களா? மொத்தச் செலவைத் தலைக்கு வகுத்தார்களா, வேறு அளவுகோலா? உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கும் முறையும் உண்டு. அதில் நான்கு பேர் குடும்பத்தின் செலவு 2ஆல்தான் வகுபடும். முறை மாறினால் யார் ஏழை என்பதே மாறிவிடும்.

கேள்வி கேட்ட விதமும் பெரிய விஷயம். 2007-08இல் தான்சானியாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். செலவைப் பற்றிக் கேட்க எட்டு வகை வடிவங்களைத் தயாரித்து, குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தார்கள். நாட்குறிப்பு எழுதவைப்பது ஒன்று, நினைவிலிருந்து சொல்லச் சொல்வது இன்னொன்று. நினைவு கூரும் காலத்தையும் பொருள் பட்டியலின் நீளத்தையும்கூட மாற்றினார்கள். ஒரே மாதிரியான மக்கள்தான், ஆனாலும் செலவு மதிப்பீடுகள் வேறுபட்டன. ஆகவே இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுமுன் இரண்டு வினாத்தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இதை யாரும் செய்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

கினியில் முதலில் பார்க்க வேண்டியது, அறிக்கை வருமானத்தை எடுத்ததா, செலவை எடுத்ததா என்பது. செலவை வைத்துக் கணக்கிட்டால் ஏற்றத்தாழ்வு பொதுவாகக் குறைவாக வரும். மேல்தட்டுப் பணக்காரர்கள் கதவைத் திறப்பதும் அரிது, திறந்தாலும் முழு வருமானத்தைச் சொல்வதும் அரிது. எனவே கிடைக்கும் எண் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவு என்றே ஆய்வேட்டில் எழுதுங்கள். இன்னொன்று, குடும்பத்தின் செலவை ஆளுக்குச் சமமாகப் பங்கிடுகிறோம். ஒரே வீட்டுக்குள் யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்பது இதில் தெரியாது.

வேலையின்மைக்கு வருவோம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, குறிப்பிட்ட ஏழு நாட்களில் கூலிக்கோ இலாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்தவரும் வேலையில் இருப்பவர்தான். வேலையற்றவர் என்று எண்ண மூன்று நிபந்தனைகள்: வேலை இல்லை, தேடினார், கிடைத்தால் சேரத் தயார். தேடுவதை விட்டுவிட்டவரையும் நீங்கள் சேர்த்திருந்தால் விகிதம் எகிறும். வகுக்கும் எண்ணையும் பாருங்கள்: உழைக்கும் வயதினர் அனைவரும் அல்ல, வேலையில் இருப்போரும் வேலையற்றோரும் மட்டுமே. பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதாக இருந்தால் இன்னொரு முறிவும் உண்டு. 2013இல் அந்த அமைப்பு கூட்டிய மாநாட்டில் எடுத்த தீர்மானத்துக்குப் பிறகு, வீட்டு உணவுக்காக மட்டும் பயிரிடுபவர் வேலையில் இருப்பவராக எண்ணப்படுவதில்லை. நாடுகள் வெவ்வேறு ஆண்டுகளில் இதற்கு மாறின.

தரவுக் கோப்பில் பதில் சொன்னவர் யார் என்று காட்டும் நெடுவரிசையையும் பாருங்கள். “மருமகள் வேலை செய்கிறாரா?” என்று கேட்டால், “இல்லை, வீட்டில்தான் இருக்கிறாள்” என்பார் மாமனார். அவள் தினமும் குடும்பத் தொழிலின் கணக்கை எழுதிக்கொண்டிருப்பாள். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பெண்ணின் உழைப்பு தரவிலிருந்தே மறைந்துபோகிறது. அவளிடமே கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

அதிகாரபூர்வ எண் உங்களுக்கும் வரும்வரை சொந்தக் கேள்விக்குப் போகாதீர்கள். போன பிறகு, திட்டப் பிழையை (மாதிரியை வைத்து மதிப்பிடுவதால் எண் எவ்வளவு தள்ளாடக்கூடும் என்ற அளவு) கணக்கிடும்போது மென்பொருளுக்கு அடுக்கையும் கொத்தையும் சொல்லுங்கள். மாதிரி எடுக்குமுன் மக்களைப் பிரித்த பிரிவு அடுக்கு; குடும்பங்களைச் சேர்த்து எடுத்த ஊரோ தெருவோ போன்ற சிறு பகுதி கொத்து. ஒரே கொத்தில் உள்ள குடும்பங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், கொத்தாக எடுத்த 1,000 குடும்பங்கள் தரும் தகவல், தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த 1,000 குடும்பங்கள் தருவதைவிடக் குறைவு. உங்கள் உட்பிரிவில் நான்கைந்து கொத்துகள்தான் விழுகின்றன என்றால், அந்தப் பிரிவுக்குத் தனி விகிதம் வெளியிட வேண்டாம்.