கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 72 வயது. பக்கவாதத்தில் இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. அடுத்த வாரம் மருத்துவமனையிலிருந்து மன்னார்குடி வீட்டுக்கு வருகிறார். அம்மாவுக்கு மூட்டுவலி. மருந்துச் செலவே கழுத்தை நெரிக்கிறது. மொட்டைமாடி ஒழுகி, கூடத்துக் கூரையெல்லாம் கறை. அவர் வருவதற்குள் ஃபால்ஸ் சீலிங் போட்டு, பளபளப்பான டைல்ஸ் பதித்துவிடலாம் என்று 4 லட்சம் பெர்சனல் லோன் கேட்டிருக்கிறேன். அண்ணன் பங்கு தர மறுக்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அண்ணன் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் கூடம் இருக்கிறது, மாடி இருக்கிறது, கழிவறையைக் காணோம். அப்பா அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டு, விருந்தாளி கண்ணில் படுகிற இடத்தில்தான் நாம் காசைக் கொட்டுகிறோம். ஒரு கால் இழுத்து நடப்பவருக்குப் பளபளக்கும் டைல்ஸா? இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை, படுக்கை, படுக்கைப் புண், நுரையீரலில் சளி என்று போகும். இன்றைய மருந்துச் செலவு அதன்முன் சில்லறைக் காசு.

முதலில் கதவைப் பாருங்கள். உள்பக்கம் திறக்கிற கதவென்றால், நாலுக்கு ஆறடி அறைக்குள் விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். நீங்கள் தள்ளத் தள்ள அவர்தான் நசுங்குவார். ஆசாரியைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் திறக்க வையுங்கள். கீலை மட்டும் மாற்றினால் போதாது. நிலையில் கதவு பதியும் பள்ளம் உள்பக்கம் இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள்.

அடுத்து கைப்பிடிக் கம்பி. துண்டு போடுகிற கம்பி ஆளைத் தாங்காது. உறிஞ்சி ஒட்டுகிற ரப்பர் கைப்பிடி அதைவிட ஆபத்து, ஈரத்தில் சொல்லாமல் கழன்றுவிடும். ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குல விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், சுவருக்கும் கம்பிக்கும் ஒன்றரை அங்குல இடைவெளியோடு. இடைவெளி கூடினால் வழுக்கும் கை உள்ளே போய் முழங்கை வரை மாட்டிக்கொள்ளும். டைல்ஸைத் துளைக்கும்போது டிரில்லில் இடித்துத் துளைக்கிற ஹாமர் முறை வேண்டாம், விரிசல் விடும். டைல்ஸ் தாண்டி செங்கல் வந்தபிறகு போடலாம். உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக் கல் சுவரென்றால் பிளாஸ்டிக் பிளக் நிற்காது. சுவரை ஊடுருவி போல்ட் போட்டு, மறுபக்கம் தகடு வைத்து முறுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் நீங்களே முழு எடையோடு தொங்கிப் பாருங்கள்.

எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். கொத்தனார் சுவர் இருக்கிற பக்கம் அடித்துவிட்டுப் போய்விடுவார். அப்பாவுக்கு வலுவுள்ள கை வலது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்த நிலையில் அவருடைய வலப்பக்கம் கம்பி வர வேண்டும். அங்கே சுவர் இல்லையா, தரையில் போல்ட் போட்டு நிறுத்துகிற கம்பி வையுங்கள். இடப்பக்கக் கம்பி அவருக்கு அலங்காரம். இருக்கை 17 முதல் 19 அங்குல உயரம் இருந்தால் எழுவது சுலபம், அம்மாவின் முழங்காலுக்கும் அதுவே நல்லது.

ஃபால்ஸ் சீலிங்கை விட்டுவிடுங்கள். கசிவை மறைத்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறி உப்பி, காரையைப் பெயர்த்துத் தள்ளும். அது தெரியவும் தெரியாது. மாடியில் தட்டோட்டு இணைப்பையும் கைப்பிடிச்சுவர் மூலையையும் மழைநீர்க் குழாய் வாயையும் பாருங்கள். அந்த வேலை பங்குனி, சித்திரை வெயிலுக்குக் காத்திருக்கும்.

மருந்துக்கு: ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். அப்பாவுக்குக் காப்பீடு இல்லாமல், நீங்கள் பழைய முறையில் வருமான வரி கட்டுபவராக இருந்தால், அவருக்கான மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. இப்போதே வங்கி வழியாகக் கட்டத் தொடங்குங்கள்.

நான் சொன்ன வேலைக்கு 4 லட்சம் கடன் தேவையே இல்லை. அண்ணனிடம் பணம் கேட்காதீர்கள். ஆசாரி வருகிற அன்று வீட்டில் இருக்கச் சொல்லுங்கள், வலப்பக்கம்தான் கம்பி அடிக்கிறார்களா என்று பார்க்க ஆள் வேண்டும்.