வாயை மீறி வரும் வார்த்தை

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு டூரெட் சிண்ட்ரோம் என்று நரம்பியல் மருத்துவர் சான்று தந்திருக்கிறார். கண் சிமிட்டுவதும் தொண்டையைச் செருமுவதும் எங்களுக்குப் பழகிவிட்டன. இரண்டு மாதமாக, சாதியைச் சொல்லித் திட்டும் வார்த்தை ஒன்று அவன் வாயிலிருந்து வருகிறது. அந்தச் சாதிப் பிள்ளைகள் ஆறேழு பேர் அதே வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு சிறுமியின் அப்பா வந்து, "நோய்னு சொல்லிட்டா எங்க பிள்ளைக்கு வலிக்காதா சார்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?
– தலைமையாசிரியர், பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: "வலிக்கும்" என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். "அவன் வேணும்னு சொல்லல, கண்டுக்காதே" என்று அந்தச் சிறுமியிடம் சொன்னால், வகுப்பின் பாரம் முழுவதையும் அவள் தலையில் ஏற்றுகிறீர்கள். பையனைத் தண்டித்தால் அதே பாரத்தை அவன்மேல் ஏற்றுகிறீர்கள். அதைச் சுமக்க வேண்டியது வகுப்பை நடத்தும் பள்ளிதான்.

இந்த நோயை 1885-ல் விவரித்தவர் ஜில் த லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவர். தானாக வரும் அசைவையும் ஒலியையும் 'டிக்' என்கிறோம். கெட்ட வார்த்தை வருவது எல்லோருக்கும் இருக்காது, பத்தில் ஒருவருக்கோ சற்றுக் கூடுதலாகவோதான் இருக்கும். தும்மலுக்கு முன் மூக்கில் ஒரு குறுகுறுப்பு வருமே, அதுபோல ஓர் உந்துதல் எழுந்து, வார்த்தை வந்த பிறகே அடங்கும். அந்த இடத்தில் எதைச் சொல்லவே கூடாதோ, பெரும்பாலும் அதுதான் வந்து விழும். ஆகவே அந்தச் சொல் அவன் மனதின் கருத்தும் அல்ல, வீட்டு வளர்ப்பும் அல்ல. அந்தச் சிறுமியைப் பார்த்த நொடியில் வருவதால் "வேண்டுமென்றே சொல்கிறான்" என்று முடிவு கட்டாதீர்கள். கண்ணில் படுவதும் டிக்கைக் கிளப்பும்.

செய்ய வேண்டியவை: பெற்றோரின் ஒப்புதலோடு, பையனிடமும் கேட்டுவிட்டு, வகுப்புக்கு இதை ஒருமுறை விளக்குங்கள். அந்த ஆறேழு பிள்ளைகளிடமும் அவர்கள் பெற்றோரிடமும் அதற்கு முன்பே தனியாகப் பேசுங்கள். எங்கே உட்கார வேண்டும் என்பதை முதலில் அவர்களிடம் கேளுங்கள், "தள்ளிப் போய் உட்கார்" என்று நீங்களாக மாற்றாதீர்கள். பையனுக்குக் கதவோரம், பின்வரிசை நல்லது. முன்வரிசையில் எல்லாக் கண்ணும் தன் முதுகில் இருக்கிறது என்ற பதற்றமே டிக்கைக் கூட்டும். மேசையில் வைக்க ஓர் அட்டை கொடுங்கள். அதைத் திருப்பி வைத்தால் அனுமதி கேட்காமல் 5 நிமிடம் வெளியே போய் வரலாம். அதே அட்டையை அந்தப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். இதைத்தான் பல பள்ளிகள் மறந்துவிடுகின்றன.

வார்த்தை வந்ததும் ஆசிரியர் பாடத்தை நிறுத்தி முறைக்கக் கூடாது. பாடம் தொடரட்டும். மணி அடித்த பிறகு அந்தச் சிறுமியிடம் போய், "இன்னைக்கு அது உன் காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். உனக்கு என்ன செய்யணும், சொல்லும்மா" என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பையனை மன்னிப்புக் கேட்க வைத்தால் பதற்றம் ஏறி, அடுத்த பாடவேளையில் இன்னும் அதிகமாக வரும். அவனாக விரும்பி மன்னிப்புக் கேட்டால் தடுக்காதீர்கள்.

இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள்: நேரம், பாடம், அதற்குமுன் என்ன நடந்தது, வார்த்தையின் முதல் எழுத்து மட்டும். தூக்கமின்மை, தேர்வு, ஏன், குதூகலம்கூடக் காரணமாக இருப்பது தெரியவரும். தேர்வுக்குத் தனி அறை கேளுங்கள். ஆண்டு விழாவில் அவனை மைக்கிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். விழாவை நேரலையில் காட்டுவதாக இருந்தால் ஒலியைத் துண்டிக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அது தவறினால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள், அவன் அல்ல.

சட்டம்: அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் மாணவனின் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 16. குறைபாடுகளைப் பட்டியலிடும் அதன் அட்டவணையில் டூரெட் பெயர் தனியாக இல்லை. ஆனால் 'நாள்பட்ட நரம்பியல் நிலைகள்' என்ற தலைப்பு இருக்கிறது. மருத்துவரின் கடிதத்தை முன்கூட்டியே கோப்பில் வையுங்கள். அதே சமயம், புகார் கொடுக்க வரும் பெற்றோரை அந்தக் கடிதத்தைக் காட்டி மிரட்டாதீர்கள். புகார் கொடுப்பது அவர்கள் உரிமை. கேலிக்காக அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லும் மற்ற மாணவர்களுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. உடனே நடவடிக்கை எடுங்கள்.

கேள்வி: டூரெட் உள்ள என் மகன் பள்ளியில் டிக்கை அடக்கிக்கொள்கிறான், வீட்டுக்கு வந்ததும் கத்தித் தீர்க்கிறான். அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை?
– ஒரு தாய், மதுரை

பதில்: வீட்டில் அடக்கத் தேவையில்லை என்பதால்தான் அம்மா, இங்கே வருகிறது. கொஞ்ச நேரம் அடக்க முடியும், ஆனால் அதற்கே அவன் கவனமெல்லாம் செலவாகி, பாடம் ஏறாது. வந்ததும் அரைமணி நேரம் அவனைத் தனியே விடுங்கள்.

இதற்குப் பழக்க மாற்றுப் பயிற்சி உண்டு. வழக்கமாக 10 வாரத்தில் 8 அமர்வுகள். உந்துதல் எழும்போதே வாயை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து விட வேண்டும், 1 நிமிடமோ உந்துதல் அடங்கும் வரையோ. வார்த்தை வந்துவிட்டாலும் உடனே தொடங்க வேண்டும். உந்துதலை உணரப் பழகுவதே பாதிப் பயிற்சி. ஒரு நேரத்தில் ஒரு டிக்கை மட்டும் எடுங்கள். "வருது பார், வருது பார்" என்று நினைவூட்டினால் கெட்டுவிடும். மருந்தாகக் குளோனிடின் தந்திருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும். டிக் பொதுவாக 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்பருவ முடிவில் பலருக்குத் தணிகிறது.

பேயோட்ட அழைத்துப் போகச் சொல்பவர்களிடம் உறுதியாக மறுத்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். டிக் வரும்போது கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளியைக் கொண்டு போங்கள். மருத்துவர் முன்னால் அது வராமலே போகலாம்.