பாமினியில் வந்த கட்டுரையும் கைவிட்டுப் போன டொமைனும்: வெப் வேலை பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ஒரு நிறுவனத்துக்கு மும்மொழி வெப்சைட் செய்கிறேன். தமிழ்ப் பகுதியை வேர்ட் ஃபைலில் தந்தார்கள். சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. அவர்களுடைய ஃபொன்டை ஏற்றிவிட்டால் போதுமா? (வெள்ளவத்தை வாசகி)

ஏற்றாதீர்கள். உங்கள் கைக்கு வந்திருப்பது பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்டில் அடித்தது. நம் ஊர் அச்சகங்களில் இன்னமும் புழங்குகிறது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். புள்ளி வைக்க அரைப்புள்ளிச் சாவி. அதனால்தான் உங்களுக்கு அப்படித் தெரிகிறது. ஃபொன்டைப் போட்டால் கண்ணுக்குத் தமிழாகிவிடும். ஆனால் கூகுளில் தேடினால் அகப்படாது. பார்வையற்ற ஒருவரின் போன் அதைத் தமிழாக வாசித்துக் காட்டாது. கொப்பி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குப்பைதான் போய்ச்சேரும். எல்லாக் கருவிகளும் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் முதலில் தனியே எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் அவையும் தமிழ் எழுத்தாகிவிடும். அப்புறம் கொ, கோ, கௌ வரும் சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாமினியில் கொம்பை முதலில் அடிப்போம், யூனிகோடில் எழுத்துத்தான் முதலில் நிற்கும். மாற்றத்தில் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

முகப்பில் செய்திகளைச் சுருக்கிக் காட்டும் நிரலையும் பாருங்கள். யூனிகோடில் புள்ளிக்குத் தனிக் குறியீடு. குறியீடுகளை எண்ணி வெட்டினால் "பால்" என்பது "பால" என்று அறுபட்டு நிற்கும். வெப் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் உள்ள இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி முழு எழுத்தாகப் பார்த்துப் பிரித்துத் தரும். ஃபொன்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம், நல்லவை. வரியுயரத்தை எழுத்தளவின் 1.6 மடங்குக்குக் கீழே குறைக்காதீர்கள், மேலே விசிறியும் (இகரக் குறி) கீழே உகரமும் முட்டிக்கொள்ளும்.

தமிழை நன்றாகத் தெரிந்த ஒருவர் முழுவதும் வாசிக்காமல் சைட்டை வெளியிடாதீர்கள். கொழும்பில் பிழையான தமிழ்ப் பலகைகளைப் பார்த்து நொந்துபோனவர்கள் நாங்கள். அதே பிழை நம் கையால் நடக்கக்கூடாது.

கேள்வி: வெப் வேலைக்கு எந்த லெப்டொப் வாங்கலாம்? (தெஹிவளை)

எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பகம்) 16 ஜிபி ரெமும் (நினைவகம்) இருந்தால் பழையதே போதும். மிச்சக் காசில் விலை குறைந்த ஆண்ட்ராய்ட் போன் ஒன்று வாங்கி, செய்யும் ஒவ்வொரு சைட்டையும் அதில் திறந்து பாருங்கள். உங்கள் வாசகர்களில் பலர் கையில் வைத்திருப்பது அதைத்தான்.

கேள்வி: செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறேன். வெப்சைட் செய்து தந்த தம்பி வெளிநாடு போய்விட்டார். டொமைன் (வெப்சைட்டின் முகவரி) அவருடைய பெயரில். இப்போது பதில் இல்லை.

ஐயா, முதலில் டொமைன் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூஇஸ் (WHOIS) தேடலில் டொமைனின் காலாவதித் தேதியைப் பாருங்கள். எவ்வளவு அவசரம் என்பது அதில் தெரிந்துவிடும். டொட்.எல்கே முகவரி என்றால் எல்கே டொமைன் பதிவகத்தை நேரடியாக அணுகுங்கள். கடையின் வியாபாரப் பதிவுச் சான்றிதழும், அந்தத் தம்பிக்குக் காசு கொடுத்த ரசீதும் கையில் இருக்கட்டும். டொட்.கொம் என்றால் அது வாங்கப்பட்ட நிறுவனத்தின் கணக்கை அவர் திறந்து, பூட்டை நீக்கி, டொமைனை இடம் மாற்றக் கேட்கும் இரகசியக் குறியீட்டைத் தரவேண்டும். புதிதாக வாங்கிய டொமைனை முதல் 60 நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. அவருடைய உறவினர் யாராவது இங்கே இருந்தால் கோபப்படாமல் அவர்கள் மூலம் பேசிப் பாருங்கள். அநேகமாக அவருக்கு உங்களை ஏமாற்றும் எண்ணம் இருக்காது, மறந்திருப்பார்.

இதை நான் இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. தொழில் தொடங்கிய காலத்தில் நானும் வாடிக்கையாளர்களின் டொமைன்களை என் கணக்கிலேயே வாங்கி வைத்தேன், அவர்களுக்குச் சிரமம் இல்லையே என்று. ஒரு தடவை டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த நாட்களில் ஒரு புத்தகக் கடையின் டொமைன் காலாவதியாகி, சைட்டும் மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுபோயின. மீட்க முடிந்தது. ஆனால் பாடசாலைப் புத்தகங்கள் விற்கும் ஜனவரி மாதத்தில் அவர் இழந்த ஓடர்களை யார் கொடுப்பது? அன்றிலிருந்து டொமைன் வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய வங்கி அட்டையில். நான் பக்கத்தில் இருந்து உதவுவேன். வெப் வேலை செய்யும் தம்பி தங்கச்சிமார் தயவுசெய்து இதைப் பழக்கமாக்குங்கள்.

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டேன். வகுப்புக்குக் காசு கட்டி ரியாக்ட் படிக்கலாமா? நிரலை ஏஐ எழுதித் தருகிறதே, படிக்கத்தான் வேண்டுமா? (கொட்டாஞ்சேனை)

படிக்கத்தான் வேண்டும் தம்பி. ஏஐ தருவது சரியா பிழையா என்று பார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிழைத்தால் வாடிக்கையாளர் உங்களைத்தான் கூப்பிடுவார். ரியாக்ட் 2013இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமல் அங்கே போனால் எது மொழி, எது நூலகம் என்று குழம்புவீர்கள். முதலில் எச்டிஎம்எல் (பக்கத்தின் அமைப்பு), சிஎஸ்எஸ் (தோற்றம்), ஜாவாஸ்கிரிப்ட், கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), பிறகு ரியாக்ட். எம்டிஎன் (MDN), ஃப்ரீகோட்கேம்ப் என்ற கற்றல் தளங்கள் இரண்டும் இலவசம், முதல் ஆறு மாதத்துக்குத் தாராளம். சான்றிதழ் தேவை என்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி (தகவல் தொழில்நுட்ப) வெளிவாரிப் பட்டத்தை விசாரியுங்கள், வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆனால் இப்போதே, நீங்கள் படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு சைட் செய்து கொடுங்கள். வகுப்பில் சொல்லித் தராத பலதும் அதில் தெரியவரும்.

கேள்வி: வேலை முடிந்த பிறகும் "இதை மட்டும் மாத்துங்கோ அண்ணா" என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். மறுக்க மனமில்லை. (பம்பலப்பிட்டி)

மறுக்க வேண்டாம், தொடங்கும்போதே எழுதிக் கொடுங்கள். எத்தனை பக்கம், எத்தனை சுற்றுத் திருத்தம், படமும் எழுத்தும் யார் தருவது, எந்தத் திகதிக்குள். நான் இரண்டு சுற்று தருவேன். அதற்குமேல் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். முற்பணம் பாதி வாங்காமல் வேலை தொடங்குவதில்லை, சொந்த மாமாவின் கடை என்றாலும்.

கொட்டேஷனில் (விலை மதிப்பீட்டில்) ஹோஸ்டிங் கட்டணத்தை, அதாவது சைட்டை இணையத்தில் வைத்திருக்கும் வாடகையைத் தனியாக, டொலரில் போடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மூன்று வருடத்துக்கு என்று ரூபாவில் ஒரே தொகை சொல்லியிருந்தவர்கள் மிச்சத்தைத் தம் சட்டைப்பையிலிருந்து கட்டினார்கள்.

கேள்வி: டியூஷன் வகுப்பு சைட்டில் பிள்ளைகளின் பெயர், புள்ளி, பெற்றோரின் போன் நம்பர் எல்லாவற்றையும் போடச் சொல்கிறார் ஆசிரியர். போடலாமா?

போடாதீர்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் ஒரு பிள்ளையின் குறைந்த புள்ளியை ஊர் பார்க்க வைப்பது கொடுமை. ஒவ்வொரு பெற்றோருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுத்து, தம் பிள்ளையின் பக்கத்தை மட்டும் பார்க்கும்படி செய்யுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் இன்றே எடுத்துவிட்டு, கூகுள் சர்ச் கொன்சோலில் (சைட் உரிமையாளருக்கான கூகுள் கருவி) தேடலிலிருந்து நீக்கும்படியும் கேளுங்கள். அந்த நீக்கம் ஏறத்தாழ ஆறு மாதத்துக்குத்தான். ஆகவே பக்கத்தை, சைட் இருக்கும் சேர்வரிலிருந்தே அழித்திருக்க வேண்டும்.