கல்லூரி ராக் குழு நிலைக்க வேண்டுமானால் முதலில் பங்கைப் பேசுங்கள்

கல்லூரி நண்பர்கள் நால்வர் சேர்ந்து தொடங்கிய ராக் குழு, படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊராகப் பிரிந்த பிறகும் நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாடகருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்றும், அவர் இடத்தில் வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற பேச்சு எழுந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதுவரை நீங்கள் உருவாக்கிய பாடல்கள் யாருடையவை என்ற கேள்வியும் உங்கள் நால்வர் மனத்திலும் இருக்கும். அதை யாரும் வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டீர்கள். குழு நிலைக்கும் என்பதே என் பதில். ஆனால் அந்தக் கேள்விக்கான விடையை நட்போடு இருக்கும்போதே எழுதி வைத்தால்தான் நிலைக்கும்.

நான் பாம்பன் பக்கத்தைச் சேர்ந்தவன். இராமநாதபுரத்தில் என்னுடன் படித்த மூவரோடு சேர்ந்து தொடங்கிய குழுவில் இன்றும் டிரம்ஸ் வாசிக்கிறேன். கித்தார் வாசிப்பவர் தேவாலயப் பாடற்குழுவில் விரல் பழகியவர், இப்போது பள்ளி ஆசிரியர். பேஸ் கித்தார் வாசிப்பவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். பாடகர் கீழக்கரைக்காரர், அந்த ஊர்க்காரர்கள் பலரையும் போல வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். பெரும்புகழ் பெறாத ஒரு குழுவைச் சேர்ந்தவன் அறிவுரை சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நீங்கள் கேட்டது புகழைப் பற்றியல்ல, நிலைப்பதைப் பற்றி. அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டென்றே நம்புகிறேன்.

எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பாடல் கடலில் விரித்த வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலைக்காரர்கள் வேலையோடு பாடும் அம்பாப் பாட்டிலிருந்து பிறந்தது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். அப்படி வாங்கும் இடத்தில்தான் எல்லோருடைய குதிகாலும் ஒன்றாக மணலில் புதைந்து, கயிறு சற்றே கரைக்கு ஏறும். கயிறு ஏறும் அந்த இடத்தில், காலால் அடிக்கும் பெரிய டிரம்மான பேஸ் டிரம்மின் அடியை வைத்து, அவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியை ஒலியே இல்லாமல் விட்டேன். அந்த இடைவெளிக்குள் கித்தார்க்காரர் ஒரு சிறு சுரக்கோவையை நுழைத்தார், பாடகர் அதன் மேல் மெட்டைக் கட்டினார், பேஸ் வாசிப்பவர் சொற்களை எழுதினார். இந்த நால்வரில் யாரை இசையமைப்பாளர் என்பீர்கள்?

சென்னையிலிருந்து வந்த ஓர் இசை நிறுவனத்தார் பாடகரின் பெயரை மட்டும் போடச் சொன்னார்கள். பாடகரோடு ஒப்பந்தம் செய்துகொள்வதாகவும், மற்ற மூவருக்கும் வாசிப்புக் கூலி தருவதாகவும் கூறினார்கள். பாடகர் வளைகுடாவிலிருந்து தொலைபேசியிலேயே மறுத்துவிட்டார். அவர் நல்லவர் என்பது உண்மை. ஆனால் அவரை அந்தச் சங்கடத்தில் தனியே நிற்க விடாமல் காத்தது, நாங்கள் முன்பே எழுதிக் கையெழுத்திட்டிருந்த ஒரு தாள்.

அந்தத் தாளில் இருப்பது எங்கள் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மீதியில் படகுக்கும் வலைக்கும் உரியதை ஒதுக்கி, ஏறிய ஆட்களுக்குப் பங்கு வைப்பது இங்கே வழக்கம். நாங்களும் வண்டி வாடகையும் ஒலிபெருக்கிச் செலவும் போக மீதியை ஐந்து பங்காக்குகிறோம்: நால்வருக்கு நான்கு, கருவிகளுக்கு ஒன்று. உப்புக்காற்றில் கித்தார்க் கம்பிகள் வெகுவிரைவில் துருவேறும், சிம்பல் தட்டுகள் பச்சை பூக்கும். அந்த ஐந்தாம் பங்கு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் யார் கையிலிருந்து போடுவது என்ற மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

இது கடற்கரைக்காரர்களின் வழக்கம் மட்டும்தானே என்பவர்களுக்கு ஆர்.ஈ.எம். குழுவைச் சொல்வேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பல்கலைக்கழக ஊரான ஏதென்ஸில் 1980இல் ஒன்றுசேர்ந்த அந்த நால்வரும், யார் எதை உருவாக்கினாலும் நால்வர் பெயரையும் சமமாகவே போட்டார்கள். அவர்களுடைய டிரம்ஸ் வாசிப்பாளர் பில் பெர்ரி 1995இல் சுவிட்சர்லாந்தில் மேடையிலேயே மூளை இரத்தக்குழாய்ப் பாதிப்புக்கு ஆளானார். மீண்டு வந்து, 1997இல் சண்டை சச்சரவின்றி விலகினார். தாம் போவதால் குழு கலையுமென்றால் போகமாட்டேன் என்று அவர் சொல்ல முடிந்ததற்கு அந்தச் சமப்பங்கும் ஒரு காரணம் என்பது என் கருத்து. மற்ற மூவரும் 2011 வரை தொடர்ந்தார்கள். இதற்கு மாறாக, லண்டனில் கட்டடக்கலை படித்த மாணவர்களிடையே உருவான பிங்க் ஃபிளாய்ட் குழுவிலிருந்து ரோஜர் வாட்டர்ஸ் 1985இல் விலகியபோது, குழுவின் பெயரைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதே வழக்கறிஞர்கள் வரை போய், 1987இன் இறுதியில்தான் உடன்பாடு ஏற்பட்டது.

டிரம்ஸ் வாசிப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். திருவிழா நோட்டீஸில் பாடகர் பெயர் இருக்கும், நன்கொடை தந்தவர்கள் பெயர் வரிசையாக இருக்கும்; தாளம் அமைத்தவரின் பெயர் மட்டும் இருக்காது. நானும் பல விழாக் குழுக்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஊர் செய்யாததைக் குழுவாவது செய்ய வேண்டும்.

சட்டமும் இதை முக்கியமாக்குகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாடலின் உரிமை, படைத்தவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். கூட்டுப் படைப்பானால் அவர்களில் கடைசியாக மறைபவரிலிருந்து அது கணக்கிடப்படும். இன்று தேநீர்க் கடையில் நீங்கள் பேசாமல் விடும் விஷயத்தை உங்கள் பேரப்பிள்ளைகள் பேச வேண்டியிருக்கும்.

பிரிந்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். எங்கள் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தக் காலத்தில் பேஸ் வாசிப்பவர் கரையில் இருப்பார், ஆசிரியருக்குக் கோடை விடுமுறை வரும், பாடகர் தம் விடுப்பை அதற்கேற்ப எடுப்பார். புதுப்பாடல் கட்டுவதும் மேடை ஏறுவதும் அப்போதுதான். மேடையில் முதல் பாதி திரைப்பாடல்கள், பிறகு எங்கள் பாடல்கள். இதைச் சமரசம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. கேட்க வந்திருக்கும் ஊருக்குத் தரும் மரியாதை என்று நான் கருதுகிறேன்.

ஆகவே உங்கள் பாடகரை மாற்ற வேண்டாம். ஆண்டில் எந்த மாதங்களில் அவரால் வர முடியும் என்று கேளுங்கள். பாடல்கள், குழுவின் பெயர், கருவிகள், வருமானம் இந்த நான்கும் யாருக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி, அவர் பெங்களூருக்கு வண்டியேறும் முன் நால்வரும் கையெழுத்திடுங்கள்.