பக்கத்து மேசைப் பிள்ளைகள்: கடிதமும் பதிலும்

வணக்கம் தம்பி,

கொழும்பில் ஒரு திணைக்களத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக இருக்கிறேன். பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருடம். எங்கள் கிளைக்கு மூன்று அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் வந்திருக்கிறார்கள், ஒரு தங்கச்சி மட்டக்களப்பு, மற்ற இருவரும் சிங்களப் பிள்ளைகள். கெட்ட பிள்ளைகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் தபாலில் ஒரு கடிதம் வந்தால் பதிவேட்டில் பதிவதில்லை, போனில் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டால் வேலை முடிந்தது. கேட்டால் "அன்ரி, எக்செல்லில் இருக்கு" என்று பதில். (கந்தோரில் அன்ரி என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்கவேயில்லை.) அந்தத் தங்கச்சிக்குச் சிங்களத்தில் குறிப்பு எழுத வராது, அதையும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். நாலே கால் ஆனால் மூவரும் பையைத் தூக்கிவிடுவார்கள். எங்கள் காலத்தில் பிரதம லிகிதர் எழும்பும்வரை யாரும் எழும்பமாட்டோம். பணிப்பாளரும் இவர்களைத்தான் கூப்பிட்டுப் பேசுகிறார், பவர்பொயின்ட் செய்யத் தெரியுமாம். இந்த இரண்டு வருடத்தை எப்படி ஓட்டுவது?

வாசகி, கொழும்பு 13

வணக்கம் அக்கா,

முதலில் பதிவேடு. அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஏன் சரி என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னார்களா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒருவர் வந்து "நான் அனுப்பிய கடிதத்துக்கு என்ன ஆனது" என்று கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கடிதம் இடமாற்றத்தில் போன யாரோ ஒருவரின் போனுக்குள் கிடந்தால் என்ன சொல்வீர்கள்? கணக்காய்விலிருந்து ஐயவினா, அதாவது விளக்கம் கேட்டுக் கடிதம், வந்தால் பதில் எழுத உட்கார வேண்டியவர் யார்? 2018இன் தேசிய கணக்காய்வுச் சட்டத்துக்குப் பிறகு நட்டத்தைப் பொறுப்பான அதிகாரியிடமே அறவிடவும் வழி இருக்கிறது. உங்களுக்கு இந்தப் பயம் இத்தனை வருடத்தில் ஊறிப்போய்விட்டது, அவர்களுக்குத் தெரிவது "அன்ரிக்குப் புத்தகம் பிடிக்கும்" என்பது மட்டும்தான். பழைய ஐயவினா ஒன்றின் கோவையை எடுத்து, தேநீர் நேரத்தில், யார் என்ன எழுதினார்கள், எங்கே ஒரு திகதி விடுபட்டது, அதற்கு எத்தனை பேர் விளக்கம் எழுத வேண்டி வந்தது என்று காட்டுங்கள். சுற்றறிக்கையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வதைவிட அது சீக்கிரம் ஏறும்.

அதேநேரம் எக்செல்லை அப்படி ஒதுக்கவும் வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு பிரதேச செயலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பதிவேட்டில் தேடிப் பார்த்திருப்பீர்கள், அரை நாள் போய்விடும், அவர்கள் அதை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். மின்னஞ்சலோ கணினிப் பதிவோ செல்லாது என்றும் சொல்லாதீர்கள், 2006ஆம் ஆண்டிலேயே இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பதிவேட்டு இலக்கமே எக்செல்லில் முதல் நிரல், படத்துக்கும் அதே இலக்கம்தான் பெயர், எல்லாம் கிளையின் கணினியில், யாருடைய சொந்தப் போனிலும் இல்லை. ஒரு மாதம் நீங்கள் எக்செல்லைப் பாருங்கள், அவர்கள் புத்தகத்தைப் பார்க்கட்டும். கை மாறினால் இரண்டு பக்கமும் முணுமுணுப்புக் குறையும், உங்களுக்கும் எக்செல் வந்துவிடும்.

இன்னொன்று கேட்கிறேன், நீங்கள் தமிழ்க் கடிதம் அடிப்பது பாமினி என்ற பழைய எழுத்துருவில்தானே? உங்கள் வயதில் கந்தோரில் இருப்பவர்கள் பலர் அதில்தான் அடிக்கிறார்கள். அந்த மட்டக்களப்புத் தங்கச்சி, எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடிப்பவராக இருப்பார். உங்கள் பழைய வரைவை எடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் அவருக்குத் தெரிவது வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், ஒரு தமிழ் எழுத்தும் இருக்காது. பிறகு முழுக் கடிதத்தையும் முதலிலிருந்து அடிப்பார். நீங்கள் உங்கள் மேசையிலிருந்து பார்த்துவிட்டு "ஒரு நினைவூட்டல் கடிதத்துக்கு ஒரு மணித்தியாலமா" என்று நினைப்பீர்கள். பாமினியை நொடியில் யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன, அவரையே காட்டித் தரச் சொல்லுங்கள்.

அவருக்குச் சிங்களக் குறிப்பு எழுதிக் கொடுப்பதை நிறுத்துங்கள். கோபத்தில் சொல்லவில்லை. 2007 ஜூலைக்குப் பிறகு சேவைக்கு வந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் எழுதிக் கொடுக்கக் கொடுக்க அவர் அந்தப் பரீட்சையில்தான் மாட்டப்போகிறார். அவரே எழுதட்டும், பிழையும் பிழையுமாக எழுதட்டும், நீங்கள் பென்சிலால் திருத்துங்கள், அவர் திரும்ப எழுதட்டும். முதல் மாதம் உங்களுக்கு வேலை கூடும்தான். அப்புறம் அந்தச் சிங்களப் பிள்ளைகள் இருவருக்கும் தமிழ் வேண்டும், அதற்கும் பக்கத்து மேசையில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். பவர்பொயின்ட் தெரிந்தவர்கள் மூன்று பேருக்கும் வேண்டியது உங்களிடம் இருக்கிறது அக்கா, அதை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள்.

நாலே கால் விஷயத்தை விட்டுவிடுங்கள். அலுவலக நேரம் முடிகிறது, ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். பிரதம லிகிதர் எழும்பும்வரை குந்திக்கொண்டிருந்ததில் எத்தனை கோவை நகர்ந்தது? அன்ரி என்று கூப்பிட வேண்டாம் என்பதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மற்றவர்கள் முன்னால் வேண்டாம். மிஸ் என்று கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், தப்பாக எடுக்காதீர்கள். நீங்கள் உயர்தரத்தோடு வந்து, வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சைகளை எழுதி, மூன்றாம் தரம் இரண்டாம் தரம் என்று ஏறினீர்கள். அவர்கள் பட்டத்தோடு வந்து, உங்கள் சேவையைவிட மேலான சம்பளத் திட்டத்தில் தொடங்குகிறார்கள். அது குத்தத்தான் செய்யும். அவர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. படித்து முடித்து வருடக்கணக்காகக் காத்திருந்து, கொழும்பு வீதியில் வெயிலில் பதாகை பிடித்து, கடைசியில் நியமனக் கடிதம் கிடைத்து வந்து பார்த்தால் இருக்கக் கதிரை இல்லை, என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. அப்படி வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். இந்த இரண்டு கோபத்துக்கும் காரணம் ஆட்களை எடுத்த விதம், அதற்குப் பொறுப்பானவர்கள் உங்கள் கிளையில் ஒருவரும் இல்லை.

பணிப்பாளரிடம் முறைப்பாடாகப் போகாமல் ஒரு யோசனையாகப் போங்கள். மூவருக்கும் எழுத்தில் கடமைப் பட்டியல் கொடுக்கச் சொல்லுங்கள், ஆளுக்கொரு விடயத்தைப் பெயரோடு ஒப்படைக்கச் சொல்லுங்கள், நான் சரிபார்க்கிறேன் என்று நீங்கள் சொல்லுங்கள். தன் பெயரில் ஒரு கோவை வந்துவிட்டால் வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு மறக்க முடியாது. பவர்பொயின்ட் செய்பவர் செய்யட்டும், கூட்டத்துக்கு நீங்களும் கூடப்போய் "2015இல் ஏன் இதைக் கைவிட்டோம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள்.

இதை நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. 2022 ஜனவரியில் ஓய்வு வயதை 65 ஆக்கினார்கள், அதே வருடம் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் மறுபடி 60க்கு இறக்கினார்கள், அறுபது தாண்டியிருந்தவர்கள் எல்லோரும் டிசம்பர் 31ஆம் திகதியோடு ஒன்றாக வீட்டுக்குப் போனார்கள். அடுத்த மாதம் ஒரு கந்தோருக்குக் காணி விஷயமாகப் போனேன். கோவை இருந்தது, கடிதங்களும் ஒழுங்காகக் கோத்திருந்தன, ஆனால் நடுவில் ஒரு இடத்தில் ஏன் நிறுத்தி வைத்தார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. "அந்த சேர் பென்ஷன் போய்விட்டார்" என்றார்கள். வேலை மூன்று மாதம் இழுத்தது. உங்களுக்கு மட்டும் தெரிந்த, எழுத்தில் எங்கும் இல்லாத விஷயங்கள் எந்தெந்தக் கோவையில் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அதில் மிகச் சிக்கலானதை முதலில் எடுங்கள், கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மூவரில் ஒருவர் வேலை செய்யாமலே இருக்கலாம். உங்கள் தொகுதியிலும் கென்டீனிலேயே இருந்து பென்ஷன் வாங்கிப் போனவர்கள் இருந்தார்கள்தானே. அப்படியானவரைப் பற்றிப் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள், ஆனால் கடிதத்தில் "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று தொடங்காமல், எந்தத் திகதியில் எந்தக் கோவை நின்றது என்பதை மட்டும் எழுதுங்கள்.